இணைகோடு

ஜம்பட்டா வீதி அச்சகத்தில்
இந்த மாதம் இத்தாலி பாஷை.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கையடக்கம், ஐநூறு பிரதி,
பாதிக் காசு முற்பணம்.
எழுதியவர் மிஸிஸ் காசிச்செட்டி.
பலெர்மோவில் பதினொரு வருஷம்
யார் யாரோ ஏறி இறங்கிய படிகளைத் துடைத்தபடி
வினைத்திரிபுகளை மனனம் செய்தவர்.

எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது.
சொல்லை எங்கே உடைப்பது என்று மட்டும்
தெரிந்தாக வேண்டும்.
தமிழில் கவலையில்லை:
புள்ளி வைத்த எழுத்து
வரியின் தலையில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.
கம்ப்யூட்டர் கண்ட இடத்தில் வெட்டிவைக்க
சிவப்புப் பேனாவோடு வந்து
என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

'இரட்டை மெய் வந்தால் நடுவில் பிரி, தம்பி.
ஒன்று இருக்கும், ஒன்று போகும்.
நொத்-தே. மம்-மா.'
அம்-மா, என்றேன்.
'அதேதான்.
எஸ் மட்டும் அப்படியில்லை.
பின்னால் ஒரு மெய் நின்றால் போதும்,
அதன் கையைப் பிடித்துக்கொண்டு கீழ் வரிக்குப் போய்விடும்.
பா-ஸ்தா.'

எங்கள் ஒழுங்கையிலும் அப்படிச் சிலர் உண்டு.
பெயர் சொல்லமாட்டேன்.

ஆனால் மிஸிஸ்,
புள்ளி எழுத்தில் வரி தொடங்கினால்
பார்க்கிறவன் என்னைத்தான் ஏசுவான்.
'ஏசட்டும்' என்றார்.
முப்பத்தோராம் பக்கத்தில்
ஒரு ஸ்
தலையில் பொட்டோடு தனியே நிற்கிறது,
விமான நிலையத்தில் முதல் தடவை நிற்கிறவன் மாதிரி.

அடுத்தது விகுதிகள்.
காஸா வீடு. காஸெத்தா சின்ன வீடு.
அந்தச் சின்ன வீடு இல்லை என்று
அடிக்குறிப்புப் போடலாமா என்று கேட்டேன்.
முறைத்தார். பிறகு போடச் சொன்னார்.
காஸாச்சா, விளங்காத வீடு.
ஓனே சேர்த்தால் எதுவும் பெரிசாகும்.
புர்ரோ வெண்ணெய் என்றால் புர்ரோனே?
பெரிய வெண்ணெய், என்றேன்.
'நீதான்' என்றார். 'அது பள்ளத்தாக்கு.
வால் ஒன்று, மாடு வேறு.'
பாத்ரே தகப்பன்.
பாத்ரோனே பெரியப்பா இல்லை, முதலாளி.
'தகப்பன் என்ற நினைப்பு அவனுக்கு எப்போதும் இருக்கும்.
இதைப் புத்தகத்தில் போடாதே.'

தொண்ணூற்றேழாம் பக்கம், விசாப் படிவச் சொற்கள்.
ரிகொன்ஜூன்ஜிமென்தோ.
ரி என்றால் மறுபடி.
மென்தோ நம்முடைய 'தல்' மாதிரி, செயலைப் பெயராக்கும்.
பிரிந்த குடும்பம் மறுபடி ஒன்றுசேர்தல்.
ஒன்றுசேர்கிற சொல் ஒரு வரியில் அடங்கவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கினேன். ஓரத்தை நகர்த்தினேன்.
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓயும்வரை
அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஐந்து இடத்தில் உடைக்கலாம்' என்றார்.
'எங்கே உடைத்தாலும் பிழையில்லை.'
எத்தனை வருஷம், யாருக்காக அந்தப் படிவம் என்று
நான் கேட்கவில்லை.
'கொன்னுக்குப் பிறகு வெட்டு.
கொன் என்றால் உடன்.'

வெட்டினேன். மேலே ரிகொன்,
கீழே மிச்சம்,
இடையில் பல்லுக்குச்சி அளவில் ஒரு கோடு.
பிரிக்கும் இடத்தில்தான் அதைப் போடுகிறோம்.
பெயர் மட்டும் இணைகோடு.

அவர் போன பிறகு முகப்புப் பக்கம்.
அச்சிட்ட ஊர், எழுதியவர் இருந்த ஊர்.
ஓ லெவலில் படித்த யாப்பு
எங்கிருந்தோ விரலில் வந்து நின்றது.
கொழும்-பு, நிரை நேர்.
பலெர்-மோ, நிரை நேர்.
இரண்டும் புளிமா.
அங்கே அவர்கள் பா-லெர்-மோ என்று மூன்றாக உடைக்கிறார்கள்,
உடைக்கட்டும்.

போன் எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தபோது
கரண்ட் போனது.
நல்லவேளை, ஸேவ் பண்ணியிருந்தேன்.